உறை மட்டும் புதுசு

மெத்தைக்கடைக்காரர் யாரையும் நம்பமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்வதற்கில்லை, தொழில் அப்படி. தக்காளி விற்கிறவன் அழுகலை அடியில் மறைத்தாலும் வீட்டுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்ததும் குட்டு உடைந்துவிடும். மெத்தை அப்படியில்லை. வாயைத் தைத்துவிட்டால், உள்ளே இருப்பது பஞ்சா, பழந்துணியா, பக்கத்து வீட்டுப் பூனையா என்பது தைத்தவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட சரக்கை வாழ்நாளெல்லாம் விற்றவருக்கு உலகமே வாய் தைத்த மெத்தையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார்.

தெருவைப் பார்த்த முன்னறையில் கடை. அதை ஒட்டிப் பஞ்சு அடிக்கிற மெஷின். பின்னால் வீடு. மேலே, தைத்து முடித்த மெத்தைகளைப் போட்டு வைக்கிற மாடி அறை. கடைக்காரருக்கு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து மாடி அவர் மச்சினன் ஆளுகைக்குப் போய்விட்டது. பஞ்சு நிரப்புவதும் தைப்பதும் தூக்குவதும் அவன்தான். அக்காவுக்குத் துணையாக வந்தவன், கல்யாணம் காட்சி என்று எதையும் தேடாமல் அங்கேயே தங்கி, கண் இமைகூட வெள்ளையாகிற அளவுக்குப் பஞ்சோடு பஞ்சாகிவிட்டான்.

அந்த மாடி அறையில்தான் மகன் கதவைச் சாத்திக்கொண்டான்.

மகனுக்குத் தெருவில் தும்பு என்று பெயர். சின்ன வயதில் தலையில் எப்போதும் பஞ்சுத் தும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தலை சுத்தமாக இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. போதாததற்கு அவனே அதை ராப் பாடுகிறவனின் பெயராக வைத்துக்கொண்டான். வாய் மட்டும் அந்த மெஷின் மாதிரி. போட்டால் நிற்காது.

"உள்ள என்ன பண்றான்?" என்றார் கடைக்காரர், மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து.

"பாட்டு பதியறான். ஆல்பம் போடப் போறானாம்" என்றாள் மனைவி. அவள் உறை தைக்கிறவள். பேசும்போதும் தையல் மெஷினிலிருந்து கால் எடுக்கமாட்டாள்.

"நம்ம வீட்டுல ஆல்பம்னா கல்யாண போட்டோதானே?"

"பத்துப் பாட்டு சேந்தா அதுவும் ஆல்பமாம்."

"பாட்டுன்னா ராகம் கேக்கணுமே. ஒண்ணும் கேக்கலையே."

"அது ராகமில்லாத பாட்டு."

"ராகமில்லாத பாட்டுக்குப் பேரு பேச்சு. பேச எதுக்குக் கதவைச் சாத்தணும்? சும்மா பேசறவன் திறந்து வெச்சுப் பேசுவான். யாரைப் பத்தியாவது பேசறவன்தான் சாத்திட்டுப் பேசுவான்."

"மெஷின் சத்தம் விழுதாம்."

"அந்த மெஷின் போட்ட சோத்துல வளந்த உடம்பு. இப்ப சத்தம் கசக்குதா?"

கசக்கவில்லை என்பது நாலைந்து நாளில் தெரிந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு கறுப்புச் சமாச்சாரம் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு.

"டேய், இது என்னது? வேவு பாக்கறியா?"

"மெஷின் தாளத்தைப் பதியறேன்பா. சிவப்பு எரிஞ்சா பதியுதுன்னு அர்த்தம்."

"கடையில நான் பேசறதும் பதியுமா?"

"பதியும். வெட்டிடுவேன்."

"எதை வெட்டுவே, எதை வெச்சுக்குவே?"

மகன் சிரித்தான். பால்காரர் சிரிப்பு. அன்றிலிருந்து கடைக்காரர் வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கு முன் நாலு மூலையிலும் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தவர்கள், இவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போனார்கள். சந்தேகம் அப்படித்தான், தும்பு மாதிரி ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்குத் தாவும்.

எதிர்ச் சலூன்காரர் வேறு எண்ணெய் ஊற்றினார். அவருக்குக் கை ஒரு தலையிலும் கண் இந்தக் கடையிலும் இருக்கும். அதனால் அந்தத் தெருவில் பலபேருக்குக் கிருதா ஒருபக்கம் ஏறியிருக்கும்.

"அண்ணே, நமக்கெதுக்கு வம்பு. ஆனா சொல்லாம இருக்க முடியல. உங்க மச்சினன் பொழுது சாயற நேரத்துல சாக்கு தூக்கிட்டு மாடி ஏறறான், இறங்கறான்."

"சாக்குல என்ன?"

"நான் பாக்கலண்ணே. ஆனா கனமில்லாத சாக்கு. மெத்தைக்கடையில கனமில்லாதது என்ன இருக்கு?"

ஒரு சொட்டு மை போதும், ஒரு குடம் தண்ணீர் நிறம் மாற.

மாணவர் விடுதிக்குப் போட்ட மெத்தைகள் திரும்பி வந்தது அதற்கப்புறம்தான். அந்த வருஷத்தின் பெரிய வேலை அது. விடுதிக்காரர் நல்ல வெயிலில் லாரியோடு வந்து, நடுத்தெருவில் ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார்.

"படுத்துப் பாருங்க. நீங்களே படுத்துப் பாருங்க. தலைப் பக்கம் போர்வை, கால் பக்கம் மூட்டை. பசங்க தலைமாட்டை மாத்திப் படுத்தா கழுத்து சுளுக்குது. மாத்தாம படுத்தா கட்டில் சட்டம் இடிக்குது. எனக்கு வேற கடை தெரியாமலா இங்க வந்தேன்?"

கடைக்காரர் குனிந்து கையை அழுத்தினார். பார்க்கக் கண் வேண்டாம் அவருக்கு, உள்ளங்கை போதும். தலைப் பக்கம் கை தரையைத் தொட்டது. கால் பக்கம் பாறையாக எழும்பியது.

வேறு யாராக இருந்தாலும் என்ன கோளாறு என்று கேட்டிருப்பார்கள். இவருக்குத் தொழில் தெரியும். அதுதான் வினை. கடைக்கு வருகிறவர்கள் நடைபாதைப் பக்கம் நீட்டியிருக்கிற கால் முனையைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். அதனால் கால் பக்கத்தைத் திணித்து, தலைப் பக்கத்துப் பஞ்சை எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய திருட்டு. அவருடைய முதலாளிக்கு முதலாளி காலத்துத் திருட்டு. கண் எதிரே அதே அச்சு. சாக்கு வேறு மாடி இறங்கியிருக்கிறது. தராசு கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மாப்ளே!" என்று அவர் போட்ட சத்தத்தில் சலூனில் ஒரு தலை வெட்டுப்பட்டது.

மச்சினன் வந்து நின்றான். பின்னாலேயே தும்பும் இறங்கி வந்தான்.

"நிரப்புனது யாரு?"

"நான்தான் மச்சான்."

"எங்கேடா பஞ்சு?"

"உள்ளதான் இருக்கு."

"உள்ள இருக்கா? நான் குருடனா? சாக்குல கொண்டுபோனது என்ன, காத்தா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண எப்படிடா மனசு வந்துச்சு? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. திருட்டுப் பய!"

வீட்டு வாசலில் மனைவி, கையில் பாதி தைத்த உறையோடு நின்றாள். தும்பு வாயைத் திறந்தான். கடைக்காரர் அதைப் பார்த்தார். நாளெல்லாம் ஓயாத வாய் திறந்தது, ஒரு வார்த்தை வரவில்லை, அப்படியே மூடிக்கொண்டது.

'சரிதான். இவனுக்கும் பங்கு' என்று மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மச்சினன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். பஞ்சு வெயிலில் மிதந்தது.

"நான் வரேன் மச்சான்" என்றான். "அக்கா, ஊசியெல்லாம் எண்ணெய் தடவி டப்பாவுல வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

அன்று முழுக்க மனைவி தையல் மெஷினைவிட்டு எழவில்லை. படுக்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எடை போட்டுப் பாத்தீங்களா?"

"கை பொய் சொல்லுமா?"

"கை சொல்லாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெத்தைகளைக் கூலியாள் வைத்து மாடிக்கே ஏற்றினார். புதிதாகத் தைத்துக் கொடுக்க விடுதிக்காரரிடம் தவணை வாங்கினார். ஆனால் தைக்க ஆளில்லை. மெத்தைக்குப் புள்ளி குத்துவது ஒற்றை ஆள் வேலையில்லை. மெத்தையைச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி, இந்தப் பக்கம் ஒருவர் முழ நீள ஊசியைக் குத்த, அந்தப் பக்கம் ஒருவர் வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்த வேண்டும். இடையில் மெத்தை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி வருகிற இடத்தை வைத்தே எதிராளி மனசு தெரியும். இப்போது கடைக்காரர் தானே குத்தி, நொண்டி நொண்டிச் சுற்றிப் போய்த் தானே வாங்கினார். புள்ளிகள் குடிகாரன் நடந்த மாதிரி இருந்தன.

மாடியில் கதவு மட்டும் வழக்கம்போலச் சாத்தியிருந்தது.

ஆல்பம் வெளிவந்தது. அதன் பெயரைச் சலூன்காரர்தான் வந்து சொன்னார்.

"பையன் பெரிய ஆளாயிட்டாண்ணே. எல்லார் போன்லயும் இவன் குரல்தான். பேருதான்... உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லித் தொலை."

"'உறை மட்டும் புதுசு'."

மெத்தைக்கடைக்காரன் மகன் ஊரைக் கூட்டி, உறை மட்டும்தான் புதுசு என்று சொன்னால், உள்ளே இருப்பதைப் பற்றி மிச்சத்தை ஊரே சொல்லிக்கொள்ளும்.

சொல்லவும் செய்தது. தெரு முழுக்கக் காய்ச்சல் வந்தது போலாயிற்று. மூன்றாவது பாட்டில் தராசில் கட்டைவிரல் வைக்கிறவன் தான்தான் என்று மளிகைக்காரர் சண்டைக்கு வந்தார். இல்லை, அது தான் என்று கறிக்கடைக்காரர் வருத்தப்பட்டார். ஐந்தாவது பாட்டில் வருகிற, எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி யார் என்று சலூன்காரர் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் சொல்லாமல் சிரித்தார்கள். எந்தப் பாட்டிலும் வராத தையல்கடை அம்மாதான் எல்லாரையும்விட மனம் நொந்தார். "இத்தனை வருஷமா இதே தெருவுல இருக்கேன். என்னைத் திட்ட அவனுக்கு ஒண்ணுமே கிடைக்கலையா?"

வெளியூரில் யாரோ பாட்டு விமர்சனம் எழுதுகிறவர், 'காதுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுகிற குரல். எந்த ஸ்டூடியோவில் பதிந்தார்களோ' என்று வியந்திருந்தாராம். அதையும் கடைக்காரர் நம்பவில்லை. புகழ்கிறவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது.

அவர் மட்டும் கேட்கவில்லை. கேட்டால்தானே தன்னைத் திட்டியிருப்பது உறுதியாகும்? மனைவி காதில் செருகிக்கொண்டு உறை தைத்தாள். சில இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எதுக்கு அழுவறே?"

"தும்மல்."

"என்னைப் பத்தி என்ன சொல்றான்?"

"நீங்களே கேளுங்க."

"எனக்கு வேற வேலையில்ல?"

வேலைதான் இல்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் முனையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சட்டைப் பையில் பிளேடோடு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க பையனே சொல்லிட்டான்..."

"என் பையன் என்ன சொன்னான்?"

"நீங்க கேக்கலையா?" டிரைவர் பிளேடைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிளேடைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பெத்தவர் நீங்க. முதல்ல கேளுங்க. அப்புறமா நான் மெத்தை வாங்கறேன்."

மறுநாள் மழை. ஈரத்தில் பஞ்சு அடிக்கக் கூடாது, கட்டி கட்டியாகிவிடும். மெஷின் ஓய்ந்திருந்தது. மகன் வெளியே போயிருந்தான். மனைவி தேநீர் டம்ளரையும் போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைக்காரர் டம்ளரை எடுத்தார். குடித்தார். அதற்கப்புறம் எடுக்க வேறொன்றும் இல்லை.

முதல் பாட்டு அவர் மெஷின் சத்தத்தோடு தொடங்கியது. அந்தக் கடகடப்பில் நடுவில் ஒரு பல் தேய்ந்து இடறுகிற இடம்கூட அப்படியே இருந்தது. அந்த இடறலைத்தான் தாளமாக வைத்திருந்தான் பயல்.

*உறை மட்டும் புதுசு, உள்ள நான் பழசு,
மேல பூப்போட்ட துணி, கீழ எங்கப்பன் மனசு.
ராப்பருன்னு சொல்லி நான் போட்ட வேசம்,
உதறிப் பாத்தா உதிருது மெத்தைக்கடை வாசம்.*

கடைக்காரர் மறுபடி போட்டுக் கேட்டார். உள்ளே என்ன பொடி வைத்திருக்கிறான் என்று தேடினார். 'எங்கப்பன் மனசு' என்பது வசையா, என்ன? ஒன்பது பாட்டையும் சல்லடை போட்டுச் சலித்தார். தராசில் விரல் வைக்கிறவன் மளிகையோ கறிக்கடையோ, நிச்சயம் தான் இல்லை என்று தெரிந்ததும், எதற்கோ கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பத்தாவது பாட்டில் மெஷின் இல்லை, மேளம் இல்லை. வெறும் குரல். காதோரம் உட்கார்ந்து சொல்வது மாதிரி.

*நிக்க வெச்சவன் நான், சரிஞ்சது பஞ்சு,
பழிய வாங்கிக்கிச்சு தாய்மாமன் நெஞ்சு.
நாளெல்லாம் கத்தறேன், நாலு தெரு கேக்க,
அன்னிக்கு ஒரு வார்த்த தொண்டையில சிக்க.*

கடைக்காரர் எழுந்தார். முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினார். கதவைத் திறந்தார்.

நாலு சுவரிலும் விடுதி மெத்தைகள் நெட்டுக்குத்தலாக நின்றன, ஒன்றையொன்று தோளில் தாங்கிக்கொண்டு. நடுவில் ஒரு கம்பத்தில் மைக். "டேய்" என்றார். குரல் வாயைவிட்டு வெளியே போன இடத்திலேயே செத்தது. எதிரொலி என்பதே கிடையாது. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் இந்தச் சுவர் அதிரும் என்பது அவருக்குத் தெரியும். விடுதிக்குப் போகும் முன்பும் இப்படியே வாரக்கணக்கில் நிமிர்ந்து நின்ற மெத்தை, அதிர அதிர, பஞ்சு கீழே இறங்காமல் என்ன செய்யும்? அரிசி மூட்டையைக் குலுக்கினால் இறங்குவது போல இறங்கியிருக்கிறது.

ஒரு மெத்தையைப் படியில் சறுக்கவிட்டுக் கீழே கொண்டுவந்தார். தராசில் ஏற்றினார். ஒரு பிசிறு குறையவில்லை.

மகன் நனைந்துகொண்டு வந்தபோது அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"படுக்க வேண்டியதை எதுக்குடா நிக்க வெச்சே?"

மகனுக்குப் புரிந்துவிட்டது. தலை துவட்டாமல் எதிரே உட்கார்ந்தான். "எதிரொலி வராம இருக்கப்பா. ஸ்டூடியோவுக்கெல்லாம் எங்க போறது?"

"சாயங்காலமானா படுக்க வெச்சிருக்கலாமே?"

"மாமாவும் அதைத்தான் சொன்னாரு. ஆனா ஒரு தடவை நகத்தினா குரல் மாறிடும். ஒரே பாட்டுல பாதி ஒரு ரூம்ல பாடின மாதிரி, பாதி வேற ரூம்ல பாடின மாதிரி ஆயிடும். கெஞ்சினேன். சரின்னுட்டாரு."

"அந்தச் சாக்கு?"

"மைக், வயரு. மாமா சிநேகிதர்கிட்ட இரவல். மழையில நனையக் கூடாதுன்னு சாக்குல."

"அன்னிக்குத் தெருவுல வாய் எங்கடா போச்சு?"

மகன் தரையைப் பார்த்தான். "சொல்ல வந்தேன். மாமா என் காலை மிதிச்சாரு. சொன்னா நீங்க அன்னிக்கே எல்லாத்தையும் அள்ளி வெளிய போடுவீங்க, இன்னும் ரெண்டு பாட்டு பாக்கின்னு அவருக்குத் தெரியும்." தலையிலிருந்த ஈரத்தைக் கையால் வழித்தான். "காலை எடுத்ததுக்கு அப்புறமும் நான் சொல்லியிருக்கலாம்பா. சொல்லல."

"இந்தப் பத்தாவது பாட்டை எழுதிக் குடுத்தது அவனா?" சந்தேகம் விடுகிறதா பாருங்கள்.

"அவருக்கு இன்னும் தெரியாது. அவரு ராப் கேக்கமாட்டாரு. தலை வலிக்குதாம்."

மச்சினன் பஸ் சீட் தைக்கிற பட்டறையில் இருந்தான். ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் தகரக் கொட்டகை. பஞ்சு கிடையாது, எல்லாம் மஞ்சள் ஃபோம். அவன் இமையில் வெள்ளை போய், சொந்த நிறம் வந்திருந்தது. கடைக்காரருக்கு அது யார் முகமோ போலிருந்தது.

"வாங்க மச்சான். கால் வலியோட எதுக்கு இவ்வளவு தூரம்?"

"ஃபோம் எப்படி இருக்கு?"

"வெட்டினா வெட்டினபடி இருக்கு. மனசு மாறாது."

"ம்." கடைக்காரர் ஒரு பழைய டயரில் உட்கார்ந்தார். "எடை போட்டேன்."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நிக்க வெச்சதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க பஞ்சு எங்கேன்னு கேட்டீங்க. உள்ளதான் இருக்குன்னு சொன்னேன். நம்பலையே." அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "நானும் தப்புதான். பஞ்சு இறங்கும்னு தெரியாதா எனக்கு? திருத்திப் பரப்பி அனுப்பியிருக்கணும். லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், ஏத்திட்டேன்."

"சரி, கிளம்பு. போலாம்."

மச்சினன் எழவில்லை.

"மச்சான், நீங்க திருடன்னது நடுத்தெருவுல. கூப்பிடறது முட்டுச்சந்துல."

மழை தகரத்தில் அடித்தது. கடைக்காரர் வாயைத் திறந்தார். அன்று மகன் வாய் எப்படித் திறந்து மூடியதோ, அப்படியே இவர் வாயும் மூடிக்கொண்டது. வித்து எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

"அந்த விடுதி வேலையை மட்டும் முடிச்சுக் குடுக்கறேன்" என்றான் மச்சினன், அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல். "பாவம், பசங்க கழுத்து. வேலைக்கு வரேன். வீட்டுக்கு வரல."

வெயில் வந்த நாளில் வந்தான். அக்கா வைத்த தேநீரைத் திண்ணமாக மறுத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு நேராக மாடி ஏறினான். மெத்தையைப் பிரித்து, பஞ்சைப் பரப்பி, சட்டத்தில் நிமிர்த்திக் கட்டினார்கள். இந்தப் பக்கம் கடைக்காரர், ஸ்டூல் மேல். அந்தப் பக்கம் மச்சினன். நடுவில் பஞ்சு. சுற்றிலும் பஞ்சு.

ஊசி போனது. வாங்கப்பட்டது. திரும்பி வந்தது, வர வேண்டிய இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல். கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிக் குத்தினார்.

மெத்தையோடு மெத்தையாக முகத்தை ஒட்டிக்கொண்டு, "மாப்ளே, உன்னை அப்படிச் சொன்னது தப்புடா" என்றார்.

ஊசி வந்தது.

"என்னமோ சொன்னீங்களே மச்சான்? பஞ்சு முழுங்கிடுச்சு."

முழுங்கட்டும் என்றுதானே சொன்னது. கில்லாடிதான் மச்சினன். காதில் விழுந்தும் விழாத மாதிரி கேட்கிறானோ? கடைக்காரர் ஸ்டூலில் பாதி திரும்பினார். அப்போதுதான் பார்த்தார்: கதவோரம் மகன் சுவரோடு சுவராக நிற்கிறான். அவன் காலடியில் அந்தக் கறுப்புச் சமாச்சாரம். நெற்றியில் சிவப்பு.

"ஊசி போற சத்தம் வேணும்பா" என்றான் மகன் தயங்கி. "நிறுத்திடட்டுமா?"

கடைக்காரர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் நாலு தெரு இருந்தது. சலூன்காரர், மளிகைக்காரர், பிளேடு டிரைவர், முகம் தெரியாத யார் யாரோ, எல்லார் காதும் இருந்தது.

"எரியட்டும்" என்றார்.

ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினார். ஸ்டூலிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் போய், மச்சினன் முகத்துக்கு நேராக நின்று, அன்று நடுத்தெருவில் கூப்பிட்ட அதே குரலில் ஆரம்பித்தார்.

"மாப்ளே!"